சின்னக் கடைக்கு வெப்சைட்: குறைந்த செலவில் நல்ல டிசைனரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டால் அடுத்து வரும் ஆசைகளில் ஒன்று, நம் தொழிலுக்கு ஒரு வெப்சைட். பட்டுப்புடவைக் கடை, அரிசி மண்டி, தையல் கடை, டியூஷன் சென்டர் என எதுவாக இருந்தாலும், 'நம்ம கடை பெயரை அடித்தால் நெட்டில் வர வேண்டும்' என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் விலை கேட்க ஆரம்பித்தால் தலை சுற்றிவிடும். ஒருவர் 3,000 ரூபாய் என்பார். இன்னொருவர் 30,000 ரூபாய் என்பார். இருவரும் காட்டும் மாதிரிப் பக்கங்களோ ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

என் சொந்த ஊர் ஆரணி. இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் தெரிந்த கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி இதுதான். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு எங்கள் ஊரின் பெருமை. அதை நெய்பவர்களும் விற்பவர்களும் வெளியூர் வாடிக்கையாளரை நேரடியாகப் பிடிக்க வெப்சைட் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் விஷயங்களையே இங்கே வரிசையாகத் தருகிறேன். நீங்கள் எந்த ஊரில் எந்தத் தொழில் செய்தாலும் இவை பொருந்தும்.

முதலில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவா, அதிகமா என்பது இரண்டாவது கேள்வி. வெப்சைட்டின் பெயரும் பாஸ்வேர்டும் யார் கையில் இருக்கும் என்பதே முதல் கேள்வி.

வெப்சைட் என்பது ஒரு பொருள் அல்ல

'வெப்சைட் போட்டுத் தருகிறோம்' என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். உண்மையில் அதற்குள் நான்கு தனித்தனிப் பொருட்கள் உள்ளன.

1. டொமைன் பெயர். பிரவுசரின் மேலே உள்ள அட்ரஸ் பாரில் நாம் டைப் செய்யும் பெயர் இது. டாட் காம், டாட் இன் என்று முடியும். இதை யாரும் மொத்தமாக விலைக்கு வாங்க முடியாது. ஆண்டு வாடகை போலக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம்.

2. ஹோஸ்டிங். உங்கள் பக்கங்களும் படங்களும் சேமிக்கப்படும் இடம். இரவும் பகலும் இணையத்தில் இணைந்திருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டரில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் தருவார்கள். இதற்கும் மாதமோ ஆண்டோ கணக்கிட்டு வாடகை உண்டு.

3. டிசைன். பக்கங்களை அமைக்கும் வேலை. இது பெரும்பாலும் ஒரு தடவை செலவு.

4. உள்ளடக்கம். கடை விவரம், புடவைப் படங்கள், விலை, விலாசம், போன் எண். இதை நீங்கள்தான் தர வேண்டும்.

கடையோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். டொமைன் என்பது கடையின் பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது கடை இருக்கும் வாடகைக் கட்டடம். டிசைன் என்பது உள்ளே செய்த மர வேலை. உள்ளடக்கம் என்பது அலமாரியில் உள்ள சரக்கு. கட்டடத்தை மாற்றலாம், மர வேலையைப் பிரித்துப் புதிதாகச் செய்யலாம். பல ஆண்டுகளாக ஊருக்குத் தெரிந்த பெயர்ப்பலகை அடுத்தவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விலைப்பட்டியல் கேட்கும்போது இந்த நான்கையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தனித்தனியாக எழுத மறுப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள்

ஊரில் பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "தம்பி, அவங்க 5,000 ரூபாய்க்கே எல்லாம் போட்டுத் தர்றேன்றாங்க. நீ காட்டுற ஆள் 11,000 கேட்குறாரே, இது என்னப்பா கணக்கு?"

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். கீழே உள்ள தொகைகள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட உதாரணங்கள்.

முதல் நபர்: முதல் ஆண்டு 4,999 ரூபாய். இரண்டாம் ஆண்டிலிருந்து 'ரினியூவல்' 7,500 ரூபாய்.
இரண்டாம் நபர்: முதல் ஆண்டு 11,000 ரூபாய். பிறகு ஆண்டுக்கு 3,500 ரூபாய்.

3 ஆண்டுகளில் முதல் நபருக்கு நாம் தருவது 19,999 ரூபாய். இரண்டாம் நபருக்கு 18,000 ரூபாய். 5 ஆண்டுகள் என்றால் முதல் நபருக்கு 34,999, இரண்டாம் நபருக்கு 25,000. மலிவு என்று நினைத்ததுதான் அதிகச் செலவு!

எனவே விலை கேட்கும்போது, "3 வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? ரினியூவல் தொகை எவ்வளவு? ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். டொமைன் விற்கும் கம்பெனிகளே முதல் ஆண்டுக்குப் பெரிய தள்ளுபடி காட்டிவிட்டு அடுத்த ஆண்டு முழு விலை வாங்குவது வழக்கம். பதிவு செய்யும் பக்கத்தில் ரினியூவல் விலை சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

பெயர் யார் கையில்?

இனிதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். டிசைனர் உங்களுக்காக டொமைன் பதிவு செய்யும்போது, எளிதாக இருக்கட்டும் என்று தன் சொந்த அக்கவுண்டில், தன் இமெயில் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்துவிடுவது உண்டு. பணம் உங்களுடையது. ஆனால் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர். வெப்சைட் ஒழுங்காக ஓடும் வரை இது யார் கண்ணுக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இப்படித்தான் ஆனது. வெப்சைட் பெயரைப் புடவைப் பெட்டியிலும், துணிப்பையிலும், விசிட்டிங் கார்டிலும் அச்சடித்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, டிசைன் செய்து தந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய போன் எண்ணும் மாறிவிட்டது. ரினியூவல் செய்யச் சொல்லி வந்த இமெயில்கள் எல்லாம் அவருடைய பழைய முகவரிக்கே போயின. கடைக்காரருக்கு ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் பெங்களூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் போன் செய்து, "உங்க வெப்சைட்டைத் திறந்தா சூதாட்ட விளம்பரம் வருதே" என்றார். அதன் பிறகுதான் விஷயமே தெரிந்தது. பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அச்சடித்த பெட்டிகள் மட்டும் கட்டுக்கட்டாகக் கடையில் இருந்தன.

டாட் காம் பெயர் காலாவதியானால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் பெயர் உடனே போய்விடாது. பதிவு செய்த கம்பெனியைப் பொறுத்துச் சில வாரங்கள் சாதாரண விலையிலேயே புதுப்பிக்க வாய்ப்பு இருக்கலாம். அதன் பிறகு பெயர் நீக்கப்பட்டால் 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு. அப்போது வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதற்குப் பின் 5 நாட்கள் யாரும் எதுவும் செய்ய முடியாது. பிறகு உலகில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். சில கம்பெனிகள் இவ்வளவு நாள் காத்திருக்காமல் முன்னதாகவே ஏலத்தில் விட்டுவிடுவதும் உண்டு. பழைய பெயர்களை எடுப்பதற்கென்றே காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999ஆம் ஆண்டில் 'சிஃபி' என்ற சொல்லை வைத்துப் பல டொமைன் பெயர்களைப் பதிவு செய்தது. 2001ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த வேறொரு நிறுவனம் 'சிஃபிநெட்' என்று ஏறக்குறைய அதே உச்சரிப்பில் பெயர்களைப் பதிவு செய்தது. வழக்கு பெங்களூர் சிவில் கோர்ட்டில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி, சத்யம் இன்ஃபோவேக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வியாபாரத்தில் ஒரு டிரேட்மார்க் செய்யும் வேலையை டொமைன் பெயரும் செய்கிறது, அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நமக்கு ஆறுதலான தீர்ப்புதான். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போவதற்கு ஒரு சின்னக் கடைக்கு நேரமும் பணமும் ஏது? முதல் நாளே நம் கையில் பதிவு செய்துகொண்டால் வேலை முடிந்தது.

நீங்களே பதிவு செய்வது எப்படி?

இது ரயில் டிக்கெட் புக் செய்வதைவிடக் கஷ்டமான வேலை அல்ல.

1. முதலில் கடைக்கென்று ஒரு தனி இமெயில் முகவரி தொடங்குங்கள். அதில் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதியை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தவரும்கூட உங்கள் போனுக்கு வரும் எண் இல்லாமல் உள்ளே நுழைவது கடினம்.

2. டொமைன் விற்கும் கம்பெனியின் வெப்சைட்டில், அந்த இமெயிலைக் கொடுத்து உங்கள் பெயரில் அக்கவுண்ட் தொடங்குங்கள்.

3. நீங்கள் விரும்பும் பெயரைத் தேடுங்கள். சின்னதாகவும், போனில் சொன்னால் எழுத்துப் பிழை வராததாகவும் இருக்கட்டும். டாட் இன் பெயர்களை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது. 2005ஆம் ஆண்டிலிருந்து பொதுமக்கள் யாவரும் எளிதாகப் பதிவு செய்ய முடிகிறது. நம் ஊர்க் கடைக்கு டாட் இன் போதும்.

4. உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் அல்லது கடையின் பெயர், விலாசம், போன் எண் ஆகியவற்றைச் சரியாகத் தாருங்கள்.

5. பணம் கட்டி, பில்லைச் சேமித்து வையுங்கள். 'ஆட்டோ ரினியூவல்' வசதியை ஆன் செய்யுங்கள். அதை மட்டும் நம்பாமல், கடைசித் தேதியைக் கடைக் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

டாட் இன், டாட் காம் இரண்டுமே சாதாரணமாக ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். டிசைனருக்கு வேலை செய்ய அனுமதி வேண்டும் என்றால், பல கம்பெனிகளில் மெயின் பாஸ்வேர்டைத் தராமலே தனி அனுமதி தரும் வசதி இருக்கிறது. அது இல்லாவிட்டால் வேலை முடிந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

இலவசம் என்றால்?

'இலவசமாகவே வெப்சைட் போடலாமே' என்று சொல்பவர்களும் உண்டு. போடலாம். ஆனால் சில உதாரணங்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் புகழ்பெற்ற ஜியோசிட்டீஸ் இலவசப் பக்கங்களை யாகூ 2009ஆம் ஆண்டில் மூடியது. ஃப்ரீநாம் என்ற நிறுவனம் டாட் டிகே, டாட் எம்எல் போன்ற பெயர்களை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 2023ஆம் ஆண்டில் புதிய பதிவுகளை நிறுத்திவிட்டு, 2024ஆம் ஆண்டில் டொமைன் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைல் வழியாகக் கடைகளுக்கு இலவசமாகத் தந்த சின்ன வெப்சைட்டுகளையும் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்திவிட்டது. கூகுள் போன்ற பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதை.

அதற்காக இலவச வசதிகளை ஒதுக்க வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யும் பிசினஸ் புரொஃபைல் இன்றும் இலவசம்தான். கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று காட்ட அது போதும். இன்னும் வெப்சைட் வேண்டுமா என்ற சந்தேகத்தில் இருப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு 6 மாதம் பொறுத்துப் பாருங்கள். இலவச இடத்தில் பக்கம் போட்டாலும், சொந்த டொமைன் ஒன்றை வாங்கி அதனுடன் இணைக்க முடியுமா என்று பாருங்கள். நாளைக்கு அந்த இடம் மூடப்பட்டாலும், பெட்டியில் அச்சடித்த பெயர் அப்படியே வேறு இடத்தில் வேலை செய்யும்.

ஹோஸ்டிங்கில் கவனிக்க வேண்டியவை

'அன்லிமிடெட் ஸ்பேஸ்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு அவ்வளவு இடம் தேவையே இல்லை. 40 புடவைகள், ஒவ்வொன்றுக்கும் 3 படங்கள் என்றால் 120 படங்கள். மொபைலில் எடுத்த படம் ஒன்று 5 எம்பி என்று வைத்துக்கொண்டால் 600 எம்பி ஆகும். அதையே 200 கேபி அளவுக்குச் சுருக்கிப் போட்டால் மொத்தமே 24 எம்பிதான். படம் சின்னதாக இருந்தால் பக்கமும் சீக்கிரம் திறக்கும். படங்களைச் சுருக்கித்தான் ஏற்றுவாரா என்று டிசைனரிடம் கேளுங்கள்.

அடுத்து எஸ்எஸ்எல். வாடிக்கையாளர் டைப் செய்யும் விவரங்களை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் ஏற்பாடு இது. இது இல்லாத வெப்சைட்டுகளை 'பாதுகாப்பற்றது' என்று குரோம் பிரவுசர் 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் காட்டி வருகிறது. அதனால் இது கட்டாயம் வேண்டும். ஆனால் இதற்கென்று ஆண்டுக்கு 2,000, 3,000 என்று தனியாகக் கேட்டால் யோசியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இதை இலவசமாகவே தருகிறது. சின்னக் கடைக்கு அதுவே போதும். பல ஹோஸ்டிங் கம்பெனிகள் அதைச் சேர்த்தே தருகின்றன.

டிசைன்: அட்டையையும் கேட்டு வாங்குங்கள்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜக்கார்டு பற்றித் தெரியும். 1804ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஜோசப் மேரி ஜக்கார்டு வடிவமைத்த கருவி அது. துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து மாட்டினால், எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைத் துளைகள் தீர்மானிக்கும். அப்படியே டிசைன் புடவையில் வந்துவிடும். இதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்திலும் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். அந்த வகையில் தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய உறவு உண்டு.

அட்டை கையில் இருந்தால் அதே டிசைனை இன்னொரு தறியிலும் நெய்யலாம். அட்டை இல்லாவிட்டால், புடவையைப் பார்த்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். வெப்சைட்டும் இதே போலத்தான். நீங்கள் திரையில் பார்ப்பது புடவை. அதன் பின்னால் உள்ள ஃபைல்களும் டேட்டாபேஸும்தான் அட்டை. அவற்றின் முழு பேக்கப் உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பென் டிரைவிலும் இருந்தால், டிசைனர் மாறினாலும் ஹோஸ்டிங் மாறினாலும் கவலை இல்லை.

வேர்ட்பிரஸ் போன்ற பலருக்கும் தெரிந்த சாஃப்ட்வேரில் செய்து தரச் சொல்வது நல்லது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த இலவச சாஃப்ட்வேரில் உலகெங்கும் ஏராளமான வெப்சைட்டுகள் இயங்குகின்றன. ஒருவர் போனால் இன்னொருவர் எளிதாகக் கிடைப்பார். 'நாங்களே உருவாக்கிய ஸ்பெஷல் சாஃப்ட்வேர்' என்றால், அவரைத் தவிர வேறு யாராலும் கை வைக்க முடியாத நிலை வரலாம். அதே சமயம், வேர்ட்பிரஸை அவ்வப்போது அப்டேட் செய்யாவிட்டால் வைரஸ்காரர்கள் புகுந்துவிடுவார்கள். அந்தப் பராமரிப்பு ஆண்டுக் கட்டணத்தில் அடங்குமா என்று கேளுங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை உருவாக்கியவரே பொதுவாக அதன் முதல் உரிமையாளர். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையாகவே உருவாக்கினால் உரிமை உங்களுடையது. வெளியாளிடம் கொடுத்துச் செய்தால், பணம் கொடுத்துவிட்டதாலேயே உரிமை வந்துவிடாது. கையெழுத்துடன் எழுத்தில் மாற்றித் தர வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'இந்த வெப்சைட்டின் டிசைன், கோடு, படங்கள் அனைத்தின் உரிமையும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் கடை உரிமையாளருக்கே மாற்றித் தரப்படுகிறது' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட் ஏதாவது பயன்படுத்தினால், அதற்கான லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

தமிழ் எழுத்து சரியாக வருமா?

நம் ஊர்களில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள் நிறையப் பேர். அந்த ஃபைலில் இருப்பதை அப்படியே காப்பி செய்து வெப்சைட்டில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமாகத்தான் வரும். அதைத் தவிர்க்க, தமிழ் வாசகங்களைப் படமாக மாற்றிப் போட்டுவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கூகுளில் தமிழில் தேடுபவருக்கு அது அகப்படுவது கடினம். எனவே தமிழ் முழுவதும் யூனிகோடில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தமிழக அரசும் 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்துவிட்டது. சரிபார்ப்பது எளிது. பக்கத்தில் உள்ள ஒரு தமிழ் வரியை மவுஸால் செலக்ட் செய்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு.

ஆன்லைன் விற்பனை உடனே வேண்டுமா?

முதல் நாளே 'ஆட் டு கார்ட்', கிரெடிட் கார்டு வசதி எல்லாம் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். விலை ஏறுவதற்கு இதுவே பெரிய காரணம். பணம் வாங்கித் தரும் கேட்வே கம்பெனிகள் ஒவ்வொரு விற்பனைக்கும் சுமார் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுத்துக்கொள்வது வழக்கம். பட்டுப்புடவை வாங்குபவர் பெரும்பாலும் போனில் பேசி, வீடியோவில் கலர் பார்த்து, பிறகே முடிவு செய்கிறார். ஆரம்பத்தில் படங்கள், விலை, வாட்ஸ்அப் பட்டன், யுபிஐ எண் இவை போதும். மாதத்துக்கு எத்தனை ஆர்டர் வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கார்ட் வசதியைச் சேர்க்கலாம். அப்படிப் பின்னால் சேர்க்க முடியுமா, எவ்வளவு ஆகும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பட்டு விற்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. தூய பட்டு என்பதற்கு சில்க் மார்க், கைத்தறி என்பதற்கு ஹேண்ட்லூம் மார்க் என முத்திரைகள் உண்டு. அனுமதி பெற்றிருந்தால் மட்டும் அவற்றை வெப்சைட்டில் போடுங்கள். டிசைனர் அழகுக்காக ஒட்டிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதே போல, நெட்டிலிருந்து வேறு கடையின் புடவைப் படங்களை எடுத்துப் போடவும் அனுமதிக்க வேண்டாம்.

டிசைனரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தப் பட்டியலை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. டொமைன் என் அக்கவுண்டில், என் இமெயிலில் இருக்குமா?
2. ஹோஸ்டிங் அக்கவுண்ட் யார் பெயரில்?
3. 3 ஆண்டுகளுக்கு மொத்தச் செலவு எவ்வளவு?
4. எத்தனை பக்கங்கள், எத்தனை படங்கள்? அதற்கு மேல் போனால் என்ன விலை?
5. எந்த சாஃப்ட்வேரில் செய்கிறீர்கள்? விலையை நானே மாற்ற முடியுமா? சொல்லித் தருவீர்களா?
6. மொபைலில் சரியாகத் தெரியுமா?
7. பேக்கப் எப்போதெல்லாம் எடுப்பீர்கள்? என்னிடம் ஒரு காப்பி தருவீர்களா?
8. வேலை எத்தனை நாளில் முடியும்? முடிந்த பிறகு எத்தனை நாள் இலவசமாகத் திருத்தித் தருவீர்கள்?
9. நான் வேறு ஆளிடம் மாற விரும்பினால் என்னென்ன ஒப்படைப்பீர்கள்?
10. நீங்கள் செய்து 2 ஆண்டுக்கு மேல் ஓடும் வெப்சைட் ஏதாவது காட்டுங்கள். அந்தக் கடைக்காரரிடம் நான் பேசலாமா?

பத்தாவது கேள்விதான் பாதி வேலையை முடித்துவிடும். மாதிரிப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் காட்டலாம். 2 ஆண்டு கழித்தும் போன் எடுக்கும் டிசைனரை அவருடைய பழைய வாடிக்கையாளர்தான் அடையாளம் காட்ட முடியும்.

பணத்தை மொத்தமாக முன்கூட்டியே தர வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு பங்கு, டிசைன் காட்டியதும் ஒரு பங்கு, எல்லா பாஸ்வேர்டுகளும் பேக்கப்பும் கைக்கு வந்து, நீங்களே ஒரு தடவை உள்ளே நுழைந்து பார்த்த பிறகு கடைசிப் பங்கு என்று பேசிக்கொள்ளுங்கள். நல்ல டிசைனர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் கேட்ட விவரங்களை நாம் நேரத்தில் தர வேண்டும். படம் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, வேலை முடியவில்லை என்று குறை சொல்வது நியாயம் இல்லை.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு

இன்றே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இணையப் பெயர்களுக்கான உலக அமைப்பான ஐகானின் 'லுக்அப்' பக்கத்தைக் கூகுளில் தேடித் திறந்து, உங்கள் டொமைன் பெயரை டைப் செய்யுங்கள். எந்தக் கம்பெனியில் பதிவாகியுள்ளது, எந்தத் தேதியில் காலாவதியாகும் என்ற விவரங்கள் வரும். உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். அது சாதாரணம்தான். அந்தக் கம்பெனியின் அக்கவுண்டுக்குள் உங்களால் நுழைய முடிகிறதா என்பதுதான் கேள்வி.

முடியவில்லை என்றால், டிசைனரிடம் சண்டை போடாமல், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதே கம்பெனியில் நீங்கள் ஒரு அக்கவுண்ட் தொடங்கினால், பெயரை அதற்கு மாற்றித் தருவது சில நிமிட வேலை. வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டும் என்றால் 'ஆத் கோடு' என்ற ரகசிய எண்ணை அவர் எடுத்துத் தர வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களை, பதிவு செய்த முதல் 60 நாட்களுக்குள் பொதுவாக மாற்ற முடியாது. அவர் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் பணம் கட்டிய ரசீது, ஜிஎஸ்டி சான்றிதழ், டிரேட்மார்க் இருந்தால் அதன் காப்பி ஆகியவற்றுடன் பதிவு செய்த கம்பெனிக்கு எழுதுங்கள். உடனே தந்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் காலாவதித் தேதிக்கு முன்பே தொடங்கினால்தான் வாய்ப்பு இருக்கிறது.

எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வரிசையில் போங்கள். முதலில் கடைக்கு ஒரு இமெயில். பிறகு உங்கள் கையாலேயே டொமைன். அதற்கடுத்து ஹோஸ்டிங். கடைசியில் டிசைனர். முதல் இரண்டுக்கும் ஒரு மாலை நேரமும் ஏறக்குறைய 1,000 ரூபாயும் போதும். அவை கையில் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த டிசைனர் சரியாக அமையாவிட்டாலும் இன்னொருவரை வைத்து அதே பெயரில் தொடரலாம்.